இரண்டு மணி முதல் மூன்றரை வரை வீடு பார்க்கலாம்

ஜெர்மனியில் ஒரு வீட்டை விற்க எந்தெந்தக் காகிதங்கள் வேண்டும் என்று என்னை நித்திரையில் தட்டிக் கேட்டாலும் சொல்வேன். காணிப் பதிவேட்டின் புதிய பிரதி, எரிசக்திச் சான்றிதழ், தரைப்படம், குடியிருக்கும் பரப்பின் கணக்கு, பின்பக்கம் இறக்கிய கொட்டிலுக்கு யாராவது எப்போதாவது அனுமதி வாங்கியிருந்தால் அந்த அதிசயக் காகிதம். இருபத்தேழு வருடம் பீலெஃபெல்ட் நகரசபையில் கட்டட அனுமதிக் கோப்புகளோடு இருந்தேன். ஓய்வு பெற்ற அன்று ஒரு பூச்சாடி தந்தார்கள். செடி மூன்று மாதத்தில் பட்டுப்போனது. கோப்புகள் தலைக்குள் அப்படியே இருக்கின்றன.

ஓய்வுக்குப் பிறகு நம்மவர்கள் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். முப்பது வருடத்துக்கு முன் இரண்டு வேலை, மூன்று வேலை செய்து வாங்கிய வீடுகளை இப்போது விற்கிறார்கள். பிள்ளைகள் பிராங்பேர்ட்டில் வங்கியிலோ கணினியிலோ இருக்கிறார்கள். பெற்றோரின் முழங்கால்கள் மாடிப்படியை மறுக்கின்றன. வீட்டுத் தரகரை நம்பாதவர்களுக்கு நான் இருந்தேன். கூலி வாங்குவதில்லை என்பதால் என் நாக்கைப் பொறுத்துக்கொண்டார்கள். அப்படிப் பதினொரு வீடுகள் விற்றுக் கொடுத்தேன். இங்கே எழுதுவது பன்னிரண்டாவதைப் பற்றி. அதற்குப் பிறகு நான் யாருடைய வீட்டையும் திறந்து காட்டவில்லை.

என் முறை எளிது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி டெர்மின், அதாவது தனி நேரம், கொடுத்தால் வருகிறவர் குறை தேடுவார். எல்லோரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி முதல் மூன்றரை வரை வரச் சொன்னால், குளியலறை வாசலில் இன்னொரு சோடி நிற்பதைக் கண்ட உடனே அந்தக் குளியலறை அவர்களுக்கு வடிவாகிவிடும். வியாழக்கிழமையிலிருந்து வீட்டில் மீன் பொரிக்கக் கூடாது, கறித்தூள் வறுக்கக் கூடாது. வாசலில் ஒரு சிறு மேசை, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத ஒரு பட்டியல். வருகிறவர்கள் சுவரைத் தட்டுவார்கள், தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடுவார்கள், அனுமதி கேட்காமல் அலுமாரியைத் திறப்பார்கள். உயிரோடு இருப்பவர்களின் கட்டிலைப் பார்த்துக்கொண்டே இதைத் தூக்கிவிட்டால் அறை பெரிதாகும் என்பார்கள். ஒரு வீட்டில் சாவு நடந்து முடிந்த பிறகு பேச வேண்டியவற்றை முன்கூட்டியே பேசுகிற சடங்கு அது. நான் அதற்குப் பழகிவிட்டேன்.

பன்னிரண்டாவது வீடு என் நண்பனுடையது. அகதி முகாமில் ஒரே இரும்பு அடுக்குக் கட்டிலில் அவன் மேலே, நான் கீழே. நான் ஊரில் பட்டம் எடுத்தவன் என்ற திமிரில் மொழி படித்து, ஐந்தாறு விண்ணப்பம் எழுதி, மேசை வேலைக்குப் போனேன். அவன் நேரே இரும்புத் தொழிற்சாலைக்குப் போனான். அவன்தான் முதலில் வீடு வாங்கினான். நகரின் தெற்கே, காட்டுச் சரிவு தொடங்கும் இடத்தில், ஒடுக்கமான இரண்டு மாடி வீடு. வாசலில் நின்றால் கீழே ட்ராம் பாதை தெரியும். அதற்கும் அப்பால் ரயில் பாதை.

அவனுக்கு ஒரு வருடமாக மறதி. கண்ணாடியை வைத்த இடம் தெரியாத மறதி என்றால் எனக்கும் உண்டு. இது வேறு. வீட்டை விட்டுப் போனால் திரும்பி வரத் தெரியாத மறதி. அவன் மனைவி அதை எல்லோரிடமும் மறைத்தார். கோயிலில் மறைத்தார், பக்கத்து வீட்டில் மறைத்தார், ஆவணி மாதம் வரை என்னிடமும் மறைத்தார். ஒரு நாள் என் வீட்டுக்குத் தனியாக வந்து குசினிக் கதிரையில் இருந்து சொன்னார்.

"அண்ணை, இவருக்கு ஏதோ பிழைச்சுப் போச்சு. நேற்று என்னைப் பாத்து, நீங்கள் ஆர் எண்டு கேட்டவர். பேந்து பகிடி எண்டு சிரிச்சவர். அது பகிடி இல்லை அண்ணை."

மகள் பிராங்பேர்ட்டில் தான் இருக்கும் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டாள். வருடம் முடியும் வரை அதை வைத்திருப்பதாக வீட்டுச் சொந்தக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் இந்த வீடு விற்க வேண்டும். காணிப் பதிவேட்டில் இரண்டு பேரின் பெயரும் இருந்தது. ஆகவே இரண்டு பேரும் பத்திரம் பதியும் நொத்தாரிசுக்கு முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து வைப்பவருக்குத் தான் என்ன செய்கிறேன் என்று விளங்குகிறதா என்பதை நொத்தாரிசு பார்ப்பார். விளங்கவில்லை என்று அவருக்குப் பட்டால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை நியமிக்கும். அது மனைவியாக இருக்கலாம், முன்பின் தெரியாத ஒரு சட்டத்தரணியாகவும் இருக்கலாம். மாதங்கள் ஓடும். பிராங்பேர்ட் வீடு போய்விடும். அவன் எங்கே இருக்க வேண்டும் என்பதை வேறு யாரோ ஒரு மேசையில் இருந்து எழுதுவார். பெரும்பாலும் முதியோர் இல்லம் என்று எழுதுவார்.

இவற்றை நான் அவருக்கு வரிசையாக விளக்கினேன். எனக்கு விளக்கத் தெரியும். அவர் கேட்டு முடித்துவிட்டு, "எனக்கு அவர் என்னோட இருக்கவேணும், அவ்வளவுதான்" என்றார்.

சரியான வழி ஒன்று இருந்தது. நல்ல நினைவோடு இருக்கும்போதே மனைவிக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பது. குறைந்தது இருபது குடும்பங்களுக்கு நான் அதைச் சொல்லியிருக்கிறேன். இவனுக்குச் சொல்லவில்லை. கட்டிலில் மேலே படுத்தவனிடம் போய் உனக்கு மூளை கெடும், எழுதி வை என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது காலம் கடந்துவிட்டது. ஆகவே சரியில்லாத வழியைச் சொன்னேன். வீட்டு வைத்தியர் நரம்பு வைத்தியரிடம் காட்டச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்திருந்தார். அந்த டெர்மினைத் தள்ளிப் போடுங்கள் என்றேன். பரிசோதித்தால் காகிதம் வரும், காகிதம் வந்தால் கோப்பு வரும். காலையில் அவன் தெளிவாகத்தான் இருக்கிறான். நொத்தாரிசை நான் பத்து மணிக்கு ஒழுங்கு செய்கிறேன். அதுவரை வெளியே ஒருவருக்கும் தெரியக் கூடாது. இருபத்தேழு வருடம் மற்றவர்களின் இப்படிப்பட்ட கெட்டித்தனங்களைச் சிவப்புப் பேனாவால் அடித்தவன் நான். தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை.

அவன் இரண்டு முறை வெளியே போயிருந்தான். மனைவி அவனை ஒருமுறை ட்ராம் தரிப்பில் பிடித்தார், மறுமுறை ரயில் பாதைக் கம்பி வேலிக்குப் பக்கத்தில். நான் அவரிடம் வாசல் கதவைப் பூட்டித் திறப்பை ஒளித்து வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஒரு மனிதரை உள்ளே வைத்துப் பூட்டுவது இங்கே குற்றம். அவர் வேறு வழி கண்டுபிடித்தார். நண்பன் சப்பாத்து விஷயத்தில் ஒரு மாதிரி. தொழிற்சாலைக்குப் போகும் காலத்திலும் மினுக்கிய சப்பாத்தோடு போய் அங்கே வேலைச் சப்பாத்து மாற்றியவன். குப்பை போடக்கூடச் செருப்போடு வெளியே இறங்க மாட்டான். அறிவு போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வாசலுக்கு வருவான், சப்பாத்தைத் தேடுவான், இல்லையென்றால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவான். அவர் வீட்டிலிருந்த எல்லாச் சப்பாத்துகளையும், தன்னுடையவற்றையும் சேர்த்து, நிலவறையில் இருந்த இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். திறப்பை ஊசியில் கொழுவிச் சட்டைக்குள் குத்தியிருந்தார்.

"சப்பாத்தைப் பூட்டுறதுக்கும் சட்டம் ஏதும் இருக்கோ அண்ணை?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

முதல் ஞாயிறு புரட்டாதியில். அந்த ஒன்றரை மணி நேரமும் அவர் அவனை ட்ராமில் ஏற்றி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும் மறுபடி இந்த முனைக்குமாகக் கையைப் பிடித்தபடி இருந்தார். ஒவ்வொரு தரிப்பிலும் அவன் இறங்கப் பார்த்தான். வீட்டில் நான் வந்தவர்களுக்குச் சப்பாத்துக்கு மேல் போடும் நீலப் பிளாஸ்டிக் உறைகள் கொடுத்தேன். ஜெர்மன்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். அந்த உறை வழுக்கி ஒரு பெண் மாடிப்படியில் இருந்து விழப் பார்த்தாள். இன்னொரு மனிதர் தோட்டத்தை மிதித்து வந்த நீல உறையோடு சாமியறைக்குள் போய் நடுவில் நின்று ஜன்னலை அளந்தார். திரும்பி வந்த நண்பனின் மனைவி அந்த அறையில் சேற்று அடையாளத்தைக் கண்டு மூன்று முறை கழுவினார். கழுவிவிட்டுச் சொன்னார், இனித் தன்னால் ட்ராமில் இருக்க ஏலாது என்று.

ஆகவே இரண்டாவது ஞாயிறு, கார்த்திகையில், திட்டத்தை மாற்றினேன். அவன் வீட்டிலேயே இருப்பான். மேல்மாடியில் தோட்டப் பக்கம் பார்த்த சிறிய அறையில், தொலைக்காட்சியில் பழைய கிரிக்கெட் ஆட்டத்தைப் போட்டுவிட்டு மனைவி பக்கத்தில் இருப்பார். கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டினேன்: இணையவழிக் கூட்டம் நடக்கிறது, தயவுசெய்து தட்ட வேண்டாம். எழுபத்திரண்டு வயது மனிதனுக்கு என்ன கூட்டம் என்று யாரும் கேட்கப் போவதில்லை. இந்த நாட்டில் கூட்டம் நடக்கும் கதவை யாரும் திறப்பதில்லை. கதவைப் பூட்டவில்லை. சட்டம் தெரிந்தவன் அல்லவா.

இன்னொரு மாற்றமும் செய்தேன். நீல உறை வேண்டாம், எல்லோரும் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வரட்டும் என்றேன். அவரும் உடனே, அது நல்லது அண்ணை என்றார். இதை ஒரு முடிவு என்றுகூட நாங்கள் நினைக்கவில்லை. நம் வீடுகளில் வருகிறவர் சப்பாத்தைக் கழற்றுவது கதவைத் திறப்பதைப் போல. அதை யோசித்துச் செய்பவர் யார்? அந்தக் கணத்தில் நிலவறை அலுமாரி எங்கள் இரண்டு பேர் நினைவிலும் இல்லை. மறதி அவனுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று காலையிலிருந்தே மழை. இரண்டு மணிக்கு முன்பே குடைகளோடு வந்துவிட்டார்கள். வாசலில் ஈரச் சப்பாத்துகள் குவியத் தொடங்கின. எனக்குக் குவியல் பிடிக்காது. பழைய செய்தித்தாளை விரித்துச் சோடி சோடியாக அடுக்கினேன். போகும்போது காலை நுழைத்துக்கொண்டு போக வசதியாக, முனைகள் தெருவைப் பார்க்கும்படி வைத்தேன். இருபத்தொரு பேர் பட்டியலில் எழுதினார்கள். இருபத்தொரு சோடி. பார்த்தபோது எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

இரண்டரை மணியளவில் எல்லாம் சரியா என்று பார்க்க மேலே போனேன். அவன் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. ஜன்னலோரமாக நின்று, தோட்டத்தில் குடை பிடித்துச் சுற்றிப் பார்ப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கம்பளி மேற்சட்டையின் பொத்தான் எல்லாம் பூட்டியிருந்தான். மனைவி கண்ணால் எனக்கு ஏதோ சொல்லப் பார்த்தார்.

"மச்சான், இஞ்ச ஆர் செத்தது?" என்று அவன் கேட்டான்.

"ஒருத்தரும் சாகேல்லை. வீடு பாக்க வந்திருக்கினம்."

"ஆருடைய வீடு?"

அவன் பரிதாபத்தோடு என் தோளைத் தட்டினான், துக்கம் நடந்த வீட்டுக்காரனைத் தட்டுவதுபோல. "நான் போய் முகத்தைக் காட்டிப்போட்டு வாறன்" என்றான். மனைவி அவன் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்.

அதற்குப் பிறகு கீழே நின்றபோதும் எனக்கு மேலேதான் காது. கூரைப் பலகையில் காலடி போய் வந்தது. ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து ஜன்னலுக்கு. வரவேற்பறையில் நின்ற உயரமான ஒரு கிழவர் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். கூட்டத்தில் இருப்பவர் நடந்துகொண்டே பேசும் பழக்கம் உள்ளவர் என்றேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. படியேறிப் போன ஒரு பெண் இறங்கி வந்து, அந்தக் கதவின் கைபிடி தானாக இறங்கி ஏறுகிறது என்று தன் கணவனிடம் மெதுவாகச் சொன்னாள். எனக்குக் கேட்டது.

மூன்று மணிக்கு மேல் ஒரு சோடி குசினியிலேயே தங்கிவிட்டது. நாற்பது வயதுக்காரர்கள், நிதானமானவர்கள், வாங்குகிற கேள்விகள் கேட்டார்கள். சூடாக்கி எத்தனை வயது, பக்கத்து வீட்டார் எப்படி, மழைக்கு நிலவறையில் தண்ணீர் வருமா. கடைசியில் அந்தப் பெண், இந்த வீட்டில் வாழ்ந்தவரிடம் பேச ஆசை என்றாள். பதினொரு வீடு விற்ற அனுபவத்தில் அந்த வசனம் எனக்குத் தெரியும். அதைக் கேட்டவர்கள் எல்லோரும் வாங்கினார்கள். நான் மாடிப்படிக்குப் போய்க் கீழே நின்றபடியே கூப்பிட்டேன்.

"தங்கச்சி, அஞ்சு நிமிசம் கீழ வந்திட்டுப் போங்கோ."

அவர் படியின் மேல் தோன்றி, "இவரை விட்டிட்டோ?" என்று கேட்டார்.

"அஞ்சு நிமிசம்தானே" என்றேன்.

அது கால் மணி நேரம் ஆயிற்று. அவர் தன் ஜெர்மனில் அந்தப் பெண்ணுக்கு எல்லாம் சொன்னார். வெயில் எந்த ஜன்னலால் வரும், பனிக்காலத்தில் எந்தக் குழாய் உறையும், எந்த அறையில் மகள் பிறந்த காலத்தில் தொட்டில் இருந்தது. அந்தப் பெண் கண் கலங்கினாள். மூன்றரை ஆனபோது மற்றவர்கள் எல்லோரும் ஒரே அலையாக வாசலை நோக்கிப் போனார்கள். குசினியில் நின்ற எனக்குக் குடைகள் விரியும் சத்தமும் நன்றி, வருகிறோம் என்ற குரல்களும் கேட்டன. நானும் குசினியிலிருந்தபடியே நன்றி என்று சொன்னேன்.

கடைசியாக அந்தச் சோடி கிளம்பியது. பெண் தன் சப்பாத்தைப் போட்டுவிட்டாள். கணவர் காலுறையோடு நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். அவருடைய பழுப்புத் தோல் சப்பாத்தைக் காணவில்லை. யாரோ மாறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள் என்று பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன், பிறகு செய்தித்தாளைப் பார்த்தேன். மாறிப் போட்டிருந்தால் போட்டவருடைய சொந்தச் சோடி ஒன்று மிச்சம் இருக்க வேண்டும். செய்தித்தாளில் ஈர அடையாளங்கள் மட்டுமே இருந்தன. சப்பாத்து இல்லாமல் வந்த யாரோ ஒருவர் சப்பாத்தோடு போயிருக்கிறார்.

நண்பனின் மனைவி எனக்கு முன்பே விளங்கிக்கொண்டார். படியில் ஏறவில்லை. அந்த வெறும் செய்தித்தாளைப் பார்த்தபடி நின்றார். நான்தான் மேலே ஓடினேன். கூட்டம் நடக்கும் அறையின் கதவு மரியாதையாகச் சாத்தியிருந்தது. உள்ளே கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய மழை அங்கி கொழுவியில் தொங்கியது.

நான் ட்ராம் தரிப்பு வரை ஓடினேன், அறுபத்தொன்பது வயதில் ஓடுவதை ஓட்டம் என்று சொல்லலாமென்றால். அங்கே ஒருவரும் இல்லை. அவன் மனைவி வீட்டைச் சுற்றியும் மேல் தெருவிலும் பார்த்துவிட்டு வந்தார். நாலு மணி. இன்னும் ஒரு மணி நேரத்தில் இருட்டிவிடும். கம்பளி மேற்சட்டையோடு போயிருக்கிறான், மழை விடவில்லை. பொலிசுக்கு எடுங்கோ அண்ணை என்றார் அவர். நான் தொலைபேசியை எடுத்துக்கொண்டு தோட்டப் பக்கம் போனேன். வீட்டுக்குள் நன்றாகக் கேட்கும் தொலைபேசி அது. ஏன் வெளியே போனேன் என்று எனக்குத் தெரியும்.

பொலிஸ்காரர் கேட்க வேண்டியவற்றை ஒழுங்காகக் கேட்டார். வயது, உயரம், உடை. பிறகு அந்தக் கேள்வி: அவருக்கு ஏதாவது நோய் உண்டா, குழப்பம், மறதி, உயிருக்கு ஆபத்து என்று நினைக்கக் காரணம்? அந்தக் கேள்விக்கு ஆம் என்றால் உடனே தேடுவார்கள். அதோடு அறிக்கை எழுதுவார்கள். அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகும். இல்லை என்றால், வளர்ந்த மனிதர் தான் விரும்பிய இடத்துக்குப் போகலாம், அது அவர் உரிமை. இந்த இரண்டு பாதையும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தூரம் போயிருக்க மாட்டான், அரை மணியில் நாங்களே பிடித்துவிடுவோம் என்று நினைத்தேன்.

இல்லை, ஆரோக்கியமானவர் என்றேன். இரவுக்குள் வராவிட்டால் மறுபடி எடுங்கள் என்று அவர் சொன்னார்.

உள்ளே போய் நண்பனின் மனைவியிடம், "பொலிசுக்குச் சொல்லியாச்சு" என்றேன். அதில் பொய் இல்லை. "நீங்கள் வீட்டில நில்லுங்கோ. அவங்கள் வரேக்க ஆராவது இருக்கவேணும்." அதில் இருந்தது.

அவர் வாசல் ஜன்னலில் நின்றார். நான் குடையை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். கம்பி வேலியோரமாகப் போனேன். காட்டுப் பாதையில் சிறிது தூரம் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு நாய்க்காரர் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, உதவி வேண்டுமா, வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டார். நான் நல்ல ஜெர்மனில் இல்லை என்றேன். விளக்குகள் எரியத் தொடங்கின. கீழே ஒரு சரக்கு ரயில் முடிவில்லாமல் போனது. அது போய் முடியும்வரை என் கால் நகரவில்லை. திரும்பி வந்தபோது ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அவர் அதே ஜன்னலில், அதே இடத்தில் நின்றார்.

"ஒரு கார்கூட வரேல்லையே அண்ணை," என்றார். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

சொன்னேன். இரண்டு வசனத்தில் முடிந்துவிட்டது.

அவர் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிப் பொலிசுக்குத் தானே எடுத்தார். அவருடைய ஜெர்மனில் வேற்றுமை உருபு ஒன்றும் சரியாக இருக்காது. என் கணவருக்கு மூளை வருத்தம், ஒரு வருடமாக, எனக்குத் தெரியும், நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, அவருக்கு வீடு தெரியாது, குளிரும், தயவுசெய்து வாருங்கள் என்றார். பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டு கார்கள் வந்தன. பிறகு மோப்ப நாய் வந்தது. பிறகு காட்டுக்கு மேலே ஹெலிகாப்டர் வந்து, நான் கூப்பிட்டுத் திரிந்த மரங்களையெல்லாம் வெள்ளையாக்கியது. ஒரு பெண் பொலிஸ் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அவர் விரும்பிப் போகும் இடம் ஏதாவது உண்டா? ரயில் பாதைக்கு அப்பால் இருக்கும் சிறு தோட்டங்கள் என்றார் அவர், யோசிக்காமல். அங்கே யாரோ ஒரு ஜெர்மன்காரரின் தோட்டத் துண்டில் பல வருடங்களுக்கு முன் நண்பன் மிளகாய்க் கன்று வைத்திருந்தானாம். எனக்கு அது தெரியாது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் பிறகு அங்கேதான் கண்டுபிடித்தார்கள். ஒரு தோட்டக் கொட்டிலின் சுவரோடு சாய்ந்து இருந்தான். ஒரு காலில்தான் சப்பாத்து இருந்தது. உடம்புச் சூடு முப்பத்தொரு பாகைக்கு இறங்கிவிட்டது என்று அவசர வண்டி வைத்தியர் சொன்னார். இன்னும் அரை மணி என்றால், என்று தொடங்கி, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

பிறகு நடந்தவை நான் அவருக்கு ஆவணியில் விளக்கிய அதே ஒழுங்கில் நடந்தன. வைத்தியசாலை, நிமோனியா, அறிக்கை, நீதிமன்றக் கடிதம். ஒரு பெண் நீதிபதி கட்டில் பக்கத்தில் கதிரை போட்டு அவனோடு பேசினார். அவன் அவரை மகளின் ஆசிரியை என்று நினைத்து மிகவும் மரியாதையாகப் பேசினான். வீட்டில் அவன் பங்கும் மற்றச் சொத்தும் முன்பின் தெரியாத ஒரு சட்டத்தரணியின் பொறுப்புக்குப் போயின. பிராங்பேர்ட் வீட்டை வருடம் முடிந்ததும் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அவனை வைத்தியசாலையிலிருந்து நேரே நகரின் வடக்கே ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள், இப்போதைக்கு என்று. இப்போதைக்கு என்ற சொல்லை நானும் நிறையக் கோப்புகளில் எழுதியிருக்கிறேன்.

தை மாதம் நான் அவன் மனைவியிடம் போனேன். தேத்தண்ணி தந்தார். மன்னிப்புக் கேட்கத் தயாராகத்தான் போனேன், வசனங்களோடு. அவர் இடம் கொடுக்கவில்லை.

"பொலிசுக்குப் பொய் சொன்னதுக்கு நான் கோவிக்கேல்லை அண்ணை. அந்தப் பொய்யை ஒரு வருசமா ஊருக்குச் சொன்னது நான்தான்," என்றார். "ஆனா எனக்கும் சொன்னியளே. அவர் தோட்டத்துக்குத்தான் போவார் எண்டு எனக்கு அப்பவே மனசில பட்டது. போக வெளிக்கிட்டனான். பொலிஸ் வரும் எண்டு நீங்கள் சொன்னபடியால், ஒரு மணித்தியாலம் ஜன்னலில நிண்டனான்."

அவர் அழவில்லை. தேத்தண்ணி ஆறப் போகுது, குடியுங்கோ என்றார். குடித்தேன்.

அவன் உடல்நலத்துக்கும், எங்கே வாழ்வது என்ற தீர்மானத்துக்கும் பொறுப்பாளர் அப்போது இன்னும் நிரந்தரமாக நியமிக்கப்பட்டிருக்கவில்லை. அதற்கு மனைவி விண்ணப்பிக்கலாம் என்பதைச் சொல்லித்தான் அன்று வெளிக்கிட்டேன். படிவத்தை நான் நிரப்பித் தருகிறேன் என்றும் சொன்னேன். மாசி முழுக்கத் தொலைபேசிக்குக் காத்திருந்தேன். அவர் எடுக்கவில்லை. பிறகு மகள் சொல்லித்தான் அறிந்தேன், அம்மா தானே எழுதி அனுப்பிவிட்டார் என்று. காரணங்கள் எழுத விட்டிருந்த பெரிய கட்டத்தில் ஒரே ஒரு வசனம்தான் எழுதினாராம், அவர் எங்கே போவார் என்று எனக்குத் தெரியும் என்று.

மூன்று வாரத்தில் நீதிமன்றம் சம்மதித்தது. இப்போது ட்ராம் தரிப்புக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நானாக இருந்தால் அந்தக் கட்டத்தை நிரப்பி, இணைப்பாக இன்னும் இரண்டு பக்கம் வைத்திருப்பேன்.